கீமோபோர்ட்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பெருங்குடல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பின், இரு வாரங்களுக்கு ஒருமுறை என்ற கணக்கில் என் தாயாருக்குப் பன்னிரண்டு சுற்றுக் கீமோ பரிந்துரைக்கப்பட்டது. மருந்தேற்றுவதற்காகத் தோலுக்கடியில் பொருத்தும் போர்ட்டை வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் அப்போதே சொன்னார். மறுபடியும் உடம்பில் கத்தி வைப்பதா என்று தயங்கி, முதல் சுற்றைக் கை நரம்பு வழியாகவே ஏற்றச் சொன்னவன் நான்தான். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறத் தொடங்கியதுமே மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எரிகிறது என்றார் அம்மா. அதையடுத்து 46 மணி நேரம் ஏற வேண்டிய ஃபுளோரோயூராசில் என்ற மருந்துக்காக மூன்று இடங்களில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாயை மாற்றிக் குத்தினார்கள். வீடு திரும்பியபோது இரு கைகளும் கறுத்திருந்தன. இரண்டாம் சுற்றுக்கு முன்பே போர்ட் வைத்துவிட்டோம்.

ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய டைட்டானியக் கிண்ணம், அதன் மேல் இறுக மூடிய சிலிக்கோன் தகடு, கிண்ணத்திலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய், இவ்வளவுதான் போர்ட். கிண்ணம் காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் அமர்கிறது. குழாய் கழுத்து நரம்பு வழியாக இறங்கி, இதயத்தின் வலது மேலறையோடு பெருஞ்சிரை சேரும் இடத்தில் முடிகிறது. அங்கே இரத்தம் பெருமளவில் பாய்வதால், கையின் சிறு நரம்பைப் புண்ணாக்கும் மருந்து நொடியில் நீர்த்துவிடுகிறது. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பொருத்தினார்கள். குழாயின் நுனி சரியான இடத்தில் உள்ளதா என்பதை எக்ஸ்-ரே எடுத்து உறுதி செய்தார்கள்.

இரண்டாம் சுற்றிலிருந்து அம்மாவின் நாட்களே மாறிவிட்டன. ஒரு மணி நேரம் முன்னதாக மரத்துப்போகும் களிம்பைத் தடவிக்கொண்டால், ஊசி இறங்குவது ஓர் அழுத்தமாக மட்டுமே தெரிகிறது. 46 மணி நேர மருந்தைப் பலூன் பம்பில் நிரப்பி இடுப்புப் பையில் வைத்து வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாட்களும் அவர் தம் கையாலேயே காபி போட்டுக் குடித்தார், தம் கட்டிலிலேயே உறங்கினார். ஊசியை எடுத்த மறுநாள் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகினார். குழாய் தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிக் லைன் என்ற மாற்று முறையில் இது நடக்காது. வாரந்தோறும் கட்டு மாற்ற வேண்டும், நனையாமல் காக்க வேண்டும். 2021-இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்விலும், பிக் லைன் வைத்தவர்களில் 47 சதவீதத்தினருக்குச் சிக்கல் ஏற்பட்டிருக்க, போர்ட் வைத்தவர்களில் அது 32 சதவீதமாகவே இருந்தது.

ஆனால் போர்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைத் தொடும் கை பழகியதாக இருக்க வேண்டும். நான்காம் சுற்றுக்குப் பின் ஒரு நள்ளிரவில், வயிற்றுப்போக்கால் நீர் வற்றி அம்மா துவண்டுபோனபோது, அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே போர்ட்டுக்கென்றே உள்ள ஹியூபர் ஊசி இல்லை. சாதாரண ஊசியாலேயே போர்ட்டில் குத்திவிடலாம் என்று செவிலியர் வந்தபோது அம்மாதான் தடுத்தார். சாதாரண ஊசி சிலிக்கோனைத் துளியாகச் செதுக்கி எடுத்துவிடும். நுனி வளைந்த ஹியூபர் ஊசி அதைக் கீறி விலக்கிக்கொண்டு இறங்குவதால்தான், ஆயிரம் முறைக்கு மேல் குத்தினாலும் அந்தத் தகடு தாங்குகிறது. அன்று டிரிப்ஸ் ஏற்றுவதற்கு, ஏற்கெனவே வெந்துபோன கைகளில் ஐந்து இடங்களில் குத்தினார்கள். போர்ட் பொருத்திய இடத்தில், ஹியூபர் ஊசியைக் கையோடு வைத்திருங்கள் என்று யாரேனும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஃபிளஷ் செய்வதற்கு, அதாவது குழாய் அடைக்காமலிருக்க உப்புநீர் செலுத்திக் கழுவுவதற்கு, 10 மில்லிக்குக் குறையாத சிரிஞ்சே வேண்டும் என்பதும் அப்படிச் சொல்லப்படாத ஒன்று. சிறிய சிரிஞ்சின் அழுத்தம் குழாயையே கிழிக்கக்கூடும்.

ஏழாம் சுற்றில் ஃபிளஷ் நீர் உள்ளே போனது, சிரிஞ்சை இழுத்தால் இரத்தம் திரும்ப வரவில்லை. குழாயின் நுனியில் மெல்லிய சவ்வு படர்வதால் இப்படி ஆவதுண்டு. அனுபவமிக்க செவிலியர் ஒருவர் அம்மாவைக் கையைத் தூக்கி, தலையைத் திருப்பி, இருமச் சொன்னார். மூன்றாம் இருமலில் சிரிஞ்சுக்குள் சிவப்பு எட்டிப்பார்த்தது. இரத்தம் திரும்பி வருவதைப் பார்க்காமல் மருந்தைத் தொடங்க விடாதீர்கள். ஃபிளஷ் செய்த பிறகு குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், அது போர்ட்டில் கிருமி சேர்ந்ததாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் உடனே கிளம்பிவிடுங்கள்.

சிகிச்சை முடிந்த பின்னும் ஃபிளஷ் உண்டு. ஐந்து நிமிட வேலைக்காக மாதந்தோறும் இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம் செய்தோம். இப்போது பல இடங்களில் மூன்று மாத இடைவெளியையும் ஏற்கிறார்கள் என்பதால், உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். பொருத்தும் முன்பே இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது: உள்ளாடைப் பட்டையும் காரின் சீட் பெல்ட்டும் எந்த இடத்தில் படும் என்பதை. அம்மாவுக்குக் கைப்பையின் வார் சரியாகப் போர்ட்டின் மேலேயே உரசியது.

இரண்டு மூன்று ஊசிகளோடு முடிந்துவிடும் சிகிச்சைக்கு இது தேவையில்லை. மாதக்கணக்கில் நீளும் கீமோவுக்கு, முதல் சுற்றுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அம்மாவின் போர்ட்டை அடுத்த ஸ்கேனுக்குப் பிறகு எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். அதுவரை, உறை பிரிக்காத இரண்டு ஹியூபர் ஊசிகளும் போர்ட்டின் அடையாள அட்டையும் அவருடைய கைப்பையில்தான் இருக்கும். அந்தப் பையை அவர் இப்போது இடத்தோளில் மாட்டிக்கொள்கிறார்.