பணம் கட்டும் முன் காகிதத்தைக் கேளுங்கள்: ‘மூன்று நாளில் நிலையான பல்’ சிகிச்சை பற்றி ஓர் எச்சரிக்கை

வாயில் ஒரு பல்லும் மிச்சமில்லாதவர்களுக்குத் தாடை எலும்பில் இம்பிளான்ட் எனப்படும் டைட்டானியம் முளைகளை வைத்து, அவற்றின்மேல் கழற்றத் தேவையில்லாத முழுப் பல்வரிசையைப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் சென்னையில் இப்போது எங்கும் கண்ணில் படுகின்றன. அப்படியொரு விளம்பரத்தை நம்பிச் சென்ற என் தந்தையாருக்கு நேர்ந்ததை, அதே முடிவை எடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இரண்டு தாடைகளுக்குமாக நான்கு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் கட்டினோம். ஐந்தாம் மாதத்தில் மேல்வரிசை உடைந்தது; கீழே ஓர் இம்பிளான்ட் ஆடத் தொடங்கியது; கீழுதட்டின் இடப்பக்கத்தில் இன்றுவரை உணர்வு திரும்பவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கிளினிக்கின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். இதே வகையில் நடத்தப்படும் கிளினிக்குகள் வேறு ஊர்களிலும் இருப்பதால், பெயரைவிட நடந்த விதத்தைத் தெரிந்துகொள்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

சிகிச்சை முறையின்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. டைட்டானியம் உயிருள்ள எலும்போடு சேர்ந்து இறுகிவிடும் என்பதை 1950களில் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் முயல்களிடம் செய்த ஆய்வில் கண்டார். 1965இல் கோத்தன்பர்க் நகரில் அவர் முதன்முதலாக ஒரு மனிதருக்கு வைத்த இம்பிளான்ட்டுகள், அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை உழைத்தன. 1990களில் லிஸ்பனில் பவுலோ மாலோ என்ற பல் மருத்துவர், ஒரு தாடைக்கு நான்கே இம்பிளான்ட்டுகளில் முழுவரிசையையும் தாங்க வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அதில் பின்பக்க இரண்டையும் சாய்த்து வைப்பார்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பையும் மேல்தாடைக்கு மேலே உள்ள சைனஸ் என்ற காற்றறையையும் தொடாமல் விலகிப் போவதற்காகவே அந்தச் சாய்வு. எலும்பு நன்றாக இருந்தால் அன்றைக்கோ ஓரிரு நாளிலோ பல்வரிசையையும் மாட்டிவிடலாம். ஆனால் அப்போது மாட்டப்படுவது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தற்காலிக வரிசை. எலும்பு இறுக மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதுவரை குழைந்த உணவுதான். அதன் பிறகு மறுபடியும் அளவெடுத்து, உலோகச் சட்டத்தின் மேலோ சிர்கோனியா என்ற பீங்கான் வகையிலோ இறுதி வரிசையைச் செய்ய வேண்டும். விளம்பரம் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறது.

என் தந்தையார் ஓய்வு பெற்ற ஆசிரியர். ஈறு நோயால் பற்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகு பல்செட் போட்டுக்கொண்டிருந்தார்; கீழ் செட் மட்டும் பேசும்போது எழும்பிக்கொண்டே இருக்கும். கிளினிக்கில் அவரை முதலில் சந்தித்தவர் மருத்துவர் அல்லர். சிகிச்சை ஆலோசகர் என்று அட்டை மாட்டியிருந்த ஓர் இளம்பெண். “அப்பா, இந்தத் தீபாவளிக்கு நீங்க முறுக்கு கடிச்சுச் சாப்பிடுவீங்க, நான் கேரன்டி” என்று அவர் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நானும் கேட்டேன். சொந்த மகளைப் போலப் பேசுவதற்கும் அங்கே பயிற்சி கொடுப்பார்கள் போலும். ஒரு தாடைக்கு ஆறு, எட்டு என்று கூடுதலாக வைத்தால் பலமும் கூடும் என்றார். அன்றே முன்பணம் கட்டினால் நாற்பதாயிரம் தள்ளுபடி என்றார். மாதத் தவணைக்கான படிவமும் மேசையின் மேல் தயாராக இருந்தது. மருத்துவர் உள்ளே வந்தது பணம் பேசி முடிந்த பிறகுதான்.

எழுத்தில் எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு ஒரே வரி: ‘ஃபுல் மவுத் ஃபிக்ஸட் டீத், இம்போர்ட்டட், 1 செட்’. எந்த நிறுவனத்தின் இம்பிளான்ட், எத்தனை, என்ன அளவு, மேலே வரும் வரிசை எதனால் ஆனது, தற்காலிகமா இறுதியா என்ற எதுவும் அதில் இல்லை. சுவிட்சர்லாந்து தயாரிப்பு என்று வாயால் சொன்னார்கள். பின்னால் வந்த தகராறுகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒற்றை வரியே அவர்களுக்குக் கேடயமாக இருந்தது. ‘இறுதி வரிசை தருவதாக நாங்கள் எங்கே எழுதினோம்?’ என்று கேட்க அவர்களால் முடிந்ததும் இதனால்தான்.

பரிசோதனை என்ற பெயரில் எடுத்தது ஓபிஜி எனப்படும் ஒரே ஒரு தட்டை எக்ஸ்ரே. அதில் எலும்பின் உயரம் ஓரளவு தெரியும். அகலம் தெரியாது, நரம்பு ஓடும் குழாய் எலும்புக்குள் நாக்குப் பக்கம் தள்ளி இருக்கிறதா, கன்னத்துப் பக்கம் தள்ளி இருக்கிறதா என்பதும் தெரியாது. அதற்குச் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். தந்தையார் நீண்டகாலச் சர்க்கரை நோயாளி என்று சொன்னபோதும், காலையில் விரலில் ஊசி குத்திப் பார்த்ததோடு விட்டுவிட்டார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைக் கேட்கவே இல்லை. பிறகு நாங்களாக எடுத்துப் பார்த்தபோது 9.1 இருந்தது. அந்த நிலையில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் முறை என்று இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் சொன்னார். எலும்புத் தேய்மானத்துக்கான ஊசியோ மாத்திரையோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கும் இதே கவனம் வேண்டும். எங்களிடம் அந்தக் கேள்விகளும் வரவில்லை.

அறுவை செய்தவர் முன்பு பேசிய மருத்துவர் அல்லர். வெளியூரிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் வந்து போகிறவர். அவருடைய பெயர்கூட ஒப்புதல் படிவத்தில் இல்லை. மயக்க ஊசியின் வேகம் அடங்கிய பிறகும், மறுநாளும், இடப்பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்தே இருந்தன. தொலைபேசியில் கேட்டபோது, “வீக்கம் வடிஞ்சா சரியாப் போயிடும் சார்” என்றார்கள். ஒரு வைட்டமின் மாத்திரையையும் சேர்த்துச் சொன்னார்கள். இங்கேதான் படிப்பவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாளும் உதடு மரத்திருந்தால் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இம்பிளான்ட் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தால், முதல் ஓரிரு நாளுக்குள் அதை எடுத்துவிட்டால்தான் உணர்வு திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. மாதங்கள் கழித்து எடுத்த சிபிசிடி ஸ்கேனில், இடப்பக்கக் கடைசி இம்பிளான்ட்டின் நுனி நரம்புக் குழாயின் கூரையைத் தாண்டி இறங்கியிருந்தது. குறைந்தது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டிய இடம் அது. காபி குடிக்கும்போது அந்தப் பக்கம் வழிந்து முகவாயில் சொட்டுவது தந்தையாருக்குத் தெரிவதில்லை. எதிரில் இருப்பவர் பார்த்துச் சொன்னால்தான் துண்டை எடுக்கிறார்.

மூன்றாம் நாள் பல்வரிசையை மாட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பணத்தையும் அன்றே வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாம் மாதம், ஊறிய சப்பாத்தியை மென்றுகொண்டிருக்கும்போது மேல்வரிசை கோரைப்பல் அருகே இரண்டாக உடைந்தது. உடைந்த முகப்பில் ரோஜா நிற அக்ரிலிக்கைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளே கம்பியோ இழையோ எதுவும் ஓடவில்லை. கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது, ‘அது தற்காலிக வரிசைதான், நிரந்தரத்துக்கு இன்னும் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆகும்’ என்ற செய்தியை முதன்முறையாகச் சொன்னார்கள். ஆயுள் உத்தரவாத அட்டையை நீட்டினோம். அதன் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் சர்க்கரை நோய், புகைப்பழக்கம், கடின உணவு, ஆறு மாதப் பரிசோதனைக்கு வராமை ஆகியவை இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று அச்சிட்டிருந்தது. சர்க்கரை நோயாளி என்று தெரிந்தே அந்த அட்டையைக் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு சென்னையில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றோம். அங்கே முதல் கேள்வியே, “இம்பிளான்ட் கார்டு இருக்கா?” என்பதுதான். ஒவ்வொரு இம்பிளான்ட்டின் டப்பாவிலும் நிறுவனம், வகை, விட்டம், நீளம், தொகுதி எண் எல்லாம் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். ஒன்றை நோயாளியின் கோப்பிலும் இன்னொன்றை நோயாளிக்குத் தரும் அட்டையிலும் ஒட்டித் தருவது வழக்கம் என்று அப்போதுதான் அறிந்தோம். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை. பல்வரிசையை இம்பிளான்ட்டோடு பிணைக்கும் திருகு இறங்கும் துளையை அடைத்திருந்த பசையை மருத்துவர் மெல்லக் குடைந்தெடுத்தார். அதன் அடியில் பிளம்பர்கள் குழாயில் சுற்றுவார்களே, அதே மாதிரியான வெள்ளை நாடாவின் சுருள் இருந்தது (இது முறையானதுதான், திருகைக் காப்பதற்காக வைப்பார்கள் என்று அவரே விளக்கினார்). சிக்கல் அதற்கு அடியில் இருந்தது. திருகுத் தலை பெரும்பாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதற்கேற்ற முனையுள்ள சாவி இல்லாமல் கழற்ற முடியாது. அவர் தம்மிடம் இருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒரு வழியாகப் பொருந்திய சாவி, எங்களிடம் சொல்லப்பட்ட சுவிஸ் நிறுவனத்தினுடையது அன்று. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சுற்றிலும் சீழ் கட்டி ஆடிக்கொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டார். மற்றவை இறுகித்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்குப் பொருந்தும் உதிரிப் பாகங்களை எங்கே வாங்குவது என்பது இன்னும் தீரவில்லை.

இன்னொன்றையும் அங்கேதான் கேள்விப்பட்டோம். கீழ்த்தாடையில் இரண்டே இம்பிளான்ட்டுகளை வைத்து, அவற்றில் பொத்தானைப் போலப் ‘டக்’கென்று பொருந்தி நிற்கும் பல்செட்டைப் போட்டுக்கொள்ளலாம், இரவில் கழற்றிக் கழுவியும் வைக்கலாம். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தெரிவாகக் கொள்ளலாம் என்று 2002இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிக்கை விட்டிருக்கிறார்கள். செலவும் பல மடங்கு குறைவு. தந்தையாருடைய குறையெல்லாம் கீழ் செட் எழும்புகிறது என்பதாக இருந்த நிலையில், எங்களிடம் இதைக் கிளினிக்கில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆகவே, யாராவது இந்தச் சிகிச்சைக்குப் போவதாக இருந்தால், முன்பணம் கட்டும் முன்பே மதிப்பீட்டில் இம்பிளான்ட்டின் நிறுவனம், வகை, எண்ணிக்கை, ஒன்றின் விலை, தற்காலிக வரிசையின் விலை, இறுதி வரிசை எதனால் ஆனது, அது எத்தனையாவது மாதத்தில் தரப்படும், அதன் விலை இதில் அடங்குமா என்பவற்றைத் தனித்தனி வரிகளாக எழுதி வாங்குங்கள். சிபிசிடி ஸ்கேனைக் கோப்பாகவே கேட்டு வாங்கி இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவை செய்யப் போகிறவரின் பெயரும் பதிவு எண்ணும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாட்களில் பொறுப்பு யாருடையது என்பதையும் கேளுங்கள். தொகையைக் கட்டங்களாகப் பிரித்து, கணிசமான பகுதியை இறுதி வரிசை வாயில் ஏறும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘இவ்வளவு சந்தேகம் இருந்தா வேற இடம் பாருங்க’ என்று பதில் வந்தால், வேறு இடம் பார்ப்பதே நல்லது.

ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள், உடைந்த துண்டையோ எடுக்கப்பட்ட இம்பிளான்ட்டையோ கிளினிக்கிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம், அதுவே சான்று. இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று அழைத்து, இனிப் புகார் செய்ய மாட்டோம் என்ற தாளில் கையெழுத்துக் கேட்டார்கள், நாங்கள் போடவில்லை. சிகிச்சைக் குறிப்புகள், எக்ஸ்ரே, ஒட்டுச்சீட்டு விவரங்கள், பணம் கட்டியதற்கான ரசீது ஆகியவற்றைப் பதிவு அஞ்சலில் எழுதிக் கேளுங்கள்; தர மறுத்தாலும், அப்படிக் கேட்டதற்கான அத்தாட்சி வழக்கில் உதவும். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்ய வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்துக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அரசுக் கல்லூரியிலோ வேறு மருத்துவரிடமோ கண்டதை எழுத்தில் வாங்கி மனுவுடன் இணைப்பது அவசியம். நாங்கள் இணைத்த ஸ்கேனையும் திருகு பற்றிய குறிப்பையும் பார்த்த பிறகுதான், அதுவரை தொலைபேசியை எடுக்காதிருந்த கிளினிக்கிலிருந்து சமரசம் பேச ஒரு வழக்கறிஞர் வந்தார். ஒட்டுச்சீட்டுகளை மட்டும் அவரும் கொண்டுவரவில்லை.