மாங்கோடிபியில் லாக்: நான்கு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் வெப் அப்ளிகேஷனின் லாக் (உள்ளே நடப்பதை வரிவரியாகப் பதியும் குறிப்பு) எல்லாம் முன்பு மூன்று சர்வர்களில் டெக்ஸ்ட் ஃபைலாகக் கிடந்தது. "பணம் போயிடுச்சு, ஆர்டர் வரலை" என்று ஒருவர் போன் செய்தால் மூன்றிலும் நுழைந்து கிரெப் (ஃபைலுக்குள் சொல் தேடும் கமாண்ட்) ஓட்ட வேண்டும். அது அலுத்துப்போய்த்தான் மாங்கோடிபி என்ற டேட்டாபேஸுக்கு மாறினேன்.

மாறிய கையோடு சுகம் தெரிந்தது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஓர் ஐடி, அதற்கும் ஆர்டர் எண்ணுக்கும் இண்டெக்ஸ் (சட்டென்று தேட உதவும் அட்டவணை). ஆர்டர் எண்ணைக் கொடுத்தால் போதும், பட்டனை அழுத்தியதிலிருந்து பேமெண்ட் கேட்வே அனுப்பிய பதில் வரை வரிசையாக வந்து நிற்கும். பேமெண்ட் லாகுக்குச் சில ஃபீல்டுகள், சர்ச் லாகுக்கு வேறு சில. டேபிளை மாற்றும் வேலையே இல்லை.

படுத்தியதெல்லாம் பழைய லாகை அழிப்பதுதான். முதலில் கேப்டு கலெக்ஷன் வைத்தேன், அதாவது அளவு வரம்புள்ள கலெக்ஷன் (மாங்கோடிபியில் டேபிளுக்குப் பதில் இருப்பது). குறித்த அளவு நிரம்பியதும் பழையது தானாகப் போய்விடும். ஆனால் அதற்குத் தேதி தெரியாது, அளவு மட்டும்தான் தெரியும். ஓர் இரவு, தோற்றால் மறுபடி முயலும்படி நான் எழுதிய ரீட்ரை லூப் நிற்காமல் ஓடி, ஒரே எர்ரரைக் கொட்டித் தீர்த்தது. காலையில் பார்த்தால் முதல் வரியும் அதுவே, கடைசி வரியும் அதுவே. முந்தைய வாரத்து லாக் மொத்தமும் காலி.

அப்புறம் டிடிஎல் இண்டெக்ஸுக்குப் போனேன். 30 நாள் என்று சொல்லிவிட்டால், பின்னணியில் 60 விநாடிக்கு ஒருமுறை எழுந்து, காலாவதியானதை அழித்துக்கொண்டிருக்கும். நிம்மதியாக இருந்தேன், டிஸ்க் மட்டும் ஏறிக்கொண்டே போனது. தோண்டிப் பார்த்தால், பழைய பிஎச்பி மாட்யூல் ஒன்று தேதியை "2022-03-14 10:22:05" என்று வெறும் ஸ்ட்ரிங்காக, அதாவது சாதாரண எழுத்தாக, எழுதிக்கொண்டிருக்கிறது. டிடிஎல் டேட் வகையை மட்டுமே மதிக்கும். ஸ்ட்ரிங்கைக் கண்டால் அழிக்கவும் அழிக்காது, எர்ரரும் தராது. ஸ்கீமா (எந்த ஃபீல்டு, என்ன வகை என்ற கட்டுப்பாடு) வேண்டாம் என்று சந்தோஷப்பட்ட நான், தவறான வகையை உள்ளே விடாத வேலிடேஷன் ரூல் ஒன்றை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். (அதே மாட்யூல் லாகின் ஃபார்மை பாஸ்வேர்டோடு சேர்த்து எழுதி வைத்திருந்தது தனிக் கதை.)

சரி, அழித்தாயிற்று, டிஸ்க் இறங்குமா? இறங்கவில்லை. மாங்கோடிபிக்காக டிஸ்கில் எழுதும் எஞ்சினான வயர்ட்டைகர், காலியான இடத்தைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொண்டு அடுத்த லாகுக்குப் பயன்படுத்தும். இப்போது மாதத்துக்கு ஒரு கலெக்ஷன்; பழைய மாதத்தை மொத்தமாக டிராப் செய்கிறேன். கலெக்ஷனுக்குத் தனி ஃபைல் என்பதால் இடம் கையோடு கிடைக்கிறது. மாத எல்லையைத் தாண்டித் தேடும்போது இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. அது பெரிய தொல்லையாகத் தெரியவில்லை.

இன்னொன்று, மாங்கோடிபி 5.0 பதிப்பு முதல் ரைட் கன்சர்ன் (எழுதியது சேர்ந்தது என்று எத்தனை சர்வர் சொல்லும்வரை காத்திருப்பது என்ற அமைப்பு) பொதுவாக 'மெஜாரிட்டி', அதாவது பெரும்பான்மை. பேமெண்ட் லாகுக்கு அதுதான் சரி. யார் எந்தப் பக்கம் பார்த்தார் என்பதற்கெல்லாம் ரெப்ளிகாவின் (நகல் வைத்திருக்கும் சர்வர்) பதிலுக்குக் காத்திருப்பது வீண். அங்கே பூஜ்யம் வைத்திருக்கிறேன், எந்தப் பதிலுக்கும் காத்திருக்காது. நாலு வரி தொலைந்தால் தொலையட்டும்.

ஸ்டாக் டிரேஸின் (எர்ரர் எந்த வழியாக வந்தது என்று காட்டும் நீண்ட பட்டியல்) நடுவில் ஒரு சொல்லைத் தேடுவதுதான் இன்னும் கைவரவில்லை. ரெஜெக்ஸ் (தேடும் வடிவத்தை எழுதும் முறை) கொடுத்தால் கலெக்ஷன் முழுவதையும் உழுகிறது. அதற்காகவே சர்வரில் இரண்டு நாள் டெக்ஸ்ட் லாகையும் விட்டு வைத்திருக்கிறேன். போன வாரம்கூட கிரெப்தான் ஓட்டினேன்.