பச்சை டிக் விழுந்த பிறகும் படிவம் பேசவில்லை

ஒரு தமிழ் இணையத்தளம் விழிப்புலனற்றவருக்குப் பயன்படுமா என்று அறிய மூன்று வழிகள் உண்டு. பக்கத்தின் அணுகல் பிழைகளைத் தானே தேடும் வேவ், ஆக்ஸ் போன்ற கருவியை ஓட்டலாம். நிபுணர் ஒருவர் டபிள்யூசிஏஜி எனும் சர்வதேச இணைய அணுகல் விதிகளை வைத்துச் சரிபார்க்கலாம். பயன்படுத்துபவரையே உட்கார வைத்தும் பார்க்கலாம். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இயங்கும் ஒரு சிறு அமைப்பிடம் மூன்றுக்கும் காசு இருக்காது.

கருவி இலவசம், சில நொடி வேலை. எதை நிரப்புவது என்று சொல்லும் லேபல் இல்லாத பெட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1க்குக் குறைந்த நிறவேறுபாடு, படத்தை விவரிக்கும் மாற்று உரை இல்லாத படம் எல்லாவற்றையும் பிடித்துவிடும். ஆனால் தமிழ் அதற்குத் தெரியாது. பக்கம் எந்த மொழி என்று சொல்லும் மொழிக் குறி இருக்கிறதா என்று பார்க்கும், அது உண்மையா என்று பார்க்காது. தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலக் குறி கிடந்தாலும் பச்சை டிக்தான்.

அதைவிட மோசம் பாமினி, யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. நம் சுற்றறிக்கைகளும் படிவங்களும் இன்னும் அந்த எழுத்துருவில் வருகின்றன. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். எழுத்து இருக்கிறது, நிறமும் சரி என்பதால் கருவி ஒன்றும் சொல்லாது. பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் குப்பை விழுந்தால் வேறு சோதனையே தேவையில்லை, யூனிகோடில் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள்.

நிபுணர் இதைப் பிடிப்பார், தமிழ் தெரிந்தவராக இருந்தால். ஆனால் விதிகளுக்கும் எல்லை உண்டு. யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 32 விழிப்புலனற்றோர் 16 தளங்களைப் பயன்படுத்தினார்கள். பதிவான 1,383 சிக்கல்களில் டபிள்யூசிஏஜி 2.0 விதிகளுக்குள் அடங்கியவை 50.4 வீதம் மட்டுமே.

மிச்சப் பாதியையும் கருவி கவனிக்காததையும் பயனர்தான் காட்டுவார். ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறார். பிழைச் செய்தி மேலே சிவப்பில் வருகிறது, திரைவாசிப்பான் மௌனம். போய்விட்டது என்று நினைத்து அவர் கைத்தொலைபேசியை மூடிவிடுவார். ஓடிபி இன்னொரு வில்லங்கம். தோட்டத்து லயன் வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்று வாசலுக்குப் போய் எஸ்எம்எஸ்ஸைக் கேட்டுத் திரும்புவதற்குள் நேரம் முடிந்திருக்கும்.

ஆகவே விட வேண்டியது நிபுணரைத்தான் என்பேன். கருவி கண்ட பிழைகளை முதலில் திருத்துங்கள், லேபல் இல்லாத பெட்டிக்காக ஒருவரின் அரை நாளை வீணாக்கக் கூடாது. பிறகு ஐந்து பேர், ஆளுக்கு நான்கு பணிகள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முழுக் குருடு, குறைபார்வை, கை நடுக்கம் எனக் கலந்து எடுங்கள். ஐவரும் ஒரே மாதிரி என்றால் ஒரே சிக்கல்தான் ஐந்து முறை வரும்.

சூமில் செய்யலாமா? செலவு குறைவுதான். ஆனால் ஒலிப் பகிர்வை இயக்காவிட்டால் திரைவாசிப்பானின் குரல் உங்களுக்குக் கேட்காது. இயக்கினாலோ அதுவும் ஆளும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், டேட்டாவும் கரையும். அலுவலகத்துக்கு அழைத்தால் என்விடிஏ எனும் இலவசத் திரைவாசிப்பான் போட்ட மடிக்கணினி தயார், அதில் பேசும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் கரகரத்தாலும் அதற்கு இணையம் தேவையில்லை. ஆனால் அது அவருடைய கருவி அல்ல. ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டோக்பேக்கில் அவர் பழகிய வேகமும் குரலும் அங்கே இருக்காது.

தோட்டத்துக்கே போவது நல்லது. போக முடியாமல் டவுனுக்கு வரச்சொன்னால் சொந்தப் போனையும் சார்ஜரையும் கொண்டுவரச் சொல்லுங்கள், துணைக்கு வருபவரின் பஸ் காசையும் சேர்த்துக் கொடுங்கள், கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு அமர்வு நேரத்தைக் குறியுங்கள்.