அடிபடாமல் இரத்தம் கசியும் சிறுநீரகம்: அடைப்பதா, அகற்றுவதா?

அடியோ காயமோ இல்லாமலே சிறுநீரகத்திலிருந்து இரத்தம் பெருகி, அதன் உறைக்கு அடியிலோ சுற்றியுள்ள கொழுப்பிலோ தேங்கும் நிலை, 1856இல் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் வுண்டர்லிஷின் பெயரால் அறியப்படுகிறது. திடீர் விலாப்புற வலி, கைக்குத் தட்டுப்படும் வீக்கம், இரத்த இழப்பால் இரத்த அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள் என்றாலும், மூன்றும் ஒருசேரத் தென்படுவோர் சிலரே. இரத்தம் சிறுநீர்ப் பாதைக்கு வெளியே கசிவதால் சிறுநீர் தெளிவாகவே இருக்கக்கூடும். ஆகவே கல் வலி என்று கருதி வலி ஊசி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்மையானது.

நோயறிவதில் அல்ட்ராசவுண்டுக்கும் சி.டி. ஸ்கேனுக்கும் இடையே நான் சி.டி.யையே தேர்வேன். படுக்கையருகிலேயே செய்ய முடிகிற அல்ட்ராசவுண்ட் தேங்கிய இரத்தத்தை விரைவில் காட்டும். ஆனால் உறைந்த கட்டியையும் புற்றுக் கட்டியையும் பிரித்தறிவதில் தடுமாறும். இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மாறுபொருளைச் செலுத்தி எடுக்கும் சி.டி.யோ, இரத்தம் இன்னும் எங்கே ஒழுகுகிறது என்பதையும், முதன்மைக் காரணமான ஆஞ்சியோமயோலிப்போமா என்ற, பெரும்பாலும் புற்றல்லாத கட்டிக்குள் இருக்கும் கொழுப்பையும் பெரும்பாலும் காட்டிவிடும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் சற்று உயர்ந்திருக்கிறது, மாறுபொருள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதற்காக மட்டும் உயிராபத்தான நேரத்தில் அதைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

சிகிச்சையில்தான் தேர்வு கடினமாகிறது. முன்பு இத்தகைய அவசரத்தில் சிறுநீரகத்தையே அகற்றிவிடுவது வழக்கமாக இருந்தது. இன்று தொடை தமனி வழியே கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் சுருள்களாலோ துகள்களாலோ அடைக்கும் எம்போலைசேஷன் உள்ளது. சிறுநீரகத்தின் பெரும்பகுதி பிழைக்கிறது. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ளவர்களுக்கு இரு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் இருக்கக்கூடும் என்பதால், இன்று ஒன்றை எடுத்துவிட்டால் நாளை மற்றொன்று கசியும்போது டயாலிசிஸ்தான் மிஞ்சும். அவர்களைப் பொறுத்தவரை அடைப்பதை விட்டு அகற்றுவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். அடைத்தபின் சில நாள் காய்ச்சலும் வலியும் வரலாம், மீண்டும் கசியவும் கூடும். ஆனால் இவை உறுப்பை இழப்பதற்கு ஈடல்ல.

இரத்தம் ஏற்றியும் இரத்த அழுத்தம் நிலைக்காதபோதும், அடைக்கும் வசதி எட்டும் தூரத்தில் இல்லாதபோதும் அறுவையே உயிர் காக்கும். அப்போது தயங்கக் கூடாது. நிலை சீராக உள்ளவரைப் படுக்கையில் வைத்து, ஹீமோகுளோபினைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து காரணமென்றால் அதை நிறுத்தி, அதன் விளைவை முறியடித்தால் போதலாம்.

எந்த வழியில் கசிவு நின்றாலும், உறைந்த இரத்தம் கரைந்தபின் ஸ்கேனை மீண்டும் எடுக்க வேண்டும். முதல் படத்தில் இரத்தக் கட்டி மறைத்திருந்த சிறிய புற்றுக் கட்டி அப்போதுதான் வெளிப்படும்.