மரண அறிவித்தல் தளமும் நடுங்கிய திரையும்: கஸ்தூரியார் வீதியில் ஒரு கொம்பியூட்டர் திருத்தகம்

"லப்டொப் திரை நடுங்குது" என்று கொண்டுபோனால் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "வைரஸ், ஃபோர்மட் அடிக்க வேணும்." மற்றது, "டிஸ்பிளே போயிட்டுது, மாத்த வேணும்." எனக்கு இரண்டுமே கிடைத்தன, இரண்டுமே பிழை. கடைசியாகப் போன இடத்தில் ஒரு ஆணியைக்கூடக் கழற்றாமல் காரணத்தைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். அந்தக் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கஸ்தூரியார் வீதியில், நகைக்கடைகளுக்கு நடுவில் ஒரு ஒடுங்கிய படிக்கட்டு மேலே போகும். ஏறினால் ஒரே ஒரு அறை. ஒரு தம்பி, அவருக்குக் கைக்கு உதவியாக ஒரு பெடியன், அவ்வளவுதான் கடை. பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா, இருக்கிற வேலையையே முடிக்கேலாமல் கிடக்கு" என்றார். சரி, விட்டுவிட்டேன். படிக்கட்டை விசாரித்தால் அக்கம்பக்கத்தில் காட்டிவிடுவார்கள்.

நான் கொக்குவிலில் வீட்டிலிருந்தபடி அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். கோயில் மலர், கலியாணக் கார்ட், பள்ளிக்கூடச் சஞ்சிகை எல்லாம் வரும். ஆனால் அடுப்பெரிய வைப்பது கல்வெட்டுத்தான், அதாவது செத்தவரின் நினைவாகக் குடும்பத்தார் அடிக்கிற புத்தகம். எட்டுச் செலவு முடிகிற நேரத்தில் படமும் வாழ்க்கைக் குறிப்பும் வந்து சேரும், 31-ஆம் நாள் அந்தியேட்டிக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் பிறகு அது யாருக்கும் தேவையில்லை. பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் பாரிஸ் என்று இருப்பார்கள். பேரப்பிள்ளைகளின் பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஆயுசுக்கும் கதைப்பார்கள். அதனால் குடும்பத்தார் இணையத்தில் போட்ட மரண அறிவித்தலைத் திரையின் ஒரு பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தில் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். யூனிகோட்டில் இருப்பதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறிவிடும், அதற்கும் மூலம் கண்முன்னே இருக்க வேண்டும். ஆக, அந்தத் தளம் வேலை நாள் முழுக்கத் திரையில்தான் நிற்கும்.

அங்கேதான் பிரச்சினை வந்தது. தளத்தை அண்மையில் புதுப்பித்திருந்தார்கள். முன்பு வெள்ளையாக இருந்த பின்னணி கடும் சாம்பலாகி, அதில் பொடிப் புள்ளிகளால் வலை பின்னினமாதிரி ஒரு கோலமும் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தவுடன் சாம்பல் பகுதி முழுக்க, மத்தியான வெயிலில் தார் றோட்டுக்கு மேலே காற்று நடுங்குவதுபோல நடுங்கும். எழுத்து நடுங்காது, படம் நடுங்காது. பக்கத்தை மூடினால் உடனே நின்றுவிடும். வேறு எந்தத் தளத்திலும் இல்லை. இது போதாதென்று கரண்ட் போன நேரங்களில் இன்னொரு கூத்து. அதே தளத்துக்குப் போனால் திரையின் வெளிச்சம் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், வெள்ளைப் பக்கத்துக்குத் திரும்பினால் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். கல்வெட்டின் முன்பக்கத்தில் வருகிற படத்துக்கு முகத்தின் நிறத்தைத் திருத்துவது என் வேலை. வெளிச்சம் நிலையாக நிற்காத திரையில் அந்த வேலையைச் செய்யவே முடியாது.

ஒரே தளத்தில் மட்டும் நடக்கிறதென்றால் யாரும் அந்தத் தளத்தைத்தான் சந்தேகிப்பார்கள். நானும் சந்தேகித்தேன், முதலில் காட்டிய கடையும் சந்தேகித்தது. "அந்தச் சைற்றாலை வைரஸ் ஏறியிருக்கு" என்று சொல்லி, ஃபோர்மட்டுக்கும் அன்ரிவைரஸுக்குமாக 4,500 ரூபா கேட்டார்கள். என் பழைய எழுத்துருக்களையும் கோப்புகளையும் யார் திரும்ப ஏற்றுவது? லப்டொப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னொரு இடத்தில் திரையை ஒரு தரம் பார்த்துவிட்டு, மாற்ற 28,000 ரூபா என்றார்கள். அங்கே அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கக்கூட இல்லை.

கஸ்தூரியார் வீதித் தம்பி முதலில் கேட்டது ஒரே கேள்வி. "எப்ப நடுங்குது எண்டு எனக்குச் செய்து காட்டுங்கோ அக்கா." செய்து காட்டினேன். அவர் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி என்ற நான்கு விசைகளையும் ஒன்றாக அமத்தினார். திரை ஒரு கணம் கறுத்து, பீப் என்று ஒரு சத்தம் கேட்டுத் திரும்பி வந்தது. கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் திரும்ப ஆரம்பிக்கிற வழியாம் அது. திறந்து கிடக்கிற வேலைக்கு ஒன்றும் ஆகாது. நடுக்கம் நிற்கவில்லை. அடுத்ததாகக் குறோமின் அமைப்புகளில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், கிராஃபிக்ஸ் வேகப்படுத்தலை நிறுத்தி, குறோமை மூடித் திறந்தார். பக்கத்தை வரைகிற வேலையைக் கிராஃபிக்ஸ் சில்லிடமிருந்து எடுத்துப் பிரதான சில்லிடம் கொடுப்பது அது. உலாவியில் படம் கிழிவது, கறுப்புக் கட்டங்கள் வருவது போன்ற பல நோய்களுக்கு இதுதான் முதல் மருந்து என்றார். அதற்கும் நிற்கவில்லை. உடனே அதைப் பழையபடி போட்டுவிட்டார். கவனித்த விஷயம் இது. வேலை செய்யாத எந்த மாற்றத்தையும் அவர் அப்படியே விட்டுவைக்கவில்லை.

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம் வந்தது. நடுங்குகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, தன் போனுக்கு அனுப்பிக் காட்டினார். போனில் சலனமே இல்லை. "சரி, இப்ப இன்ரநெற்றை நிப்பாட்டுறன்" என்று வைஃபையை நிறுத்தி, குறோமை மூடி, அதே ஸ்கிரீன்ஷொட்டை என் லப்டொப்பிலேயே உண்மை அளவில் திறந்தார்.

"ஆடுதோ?"

"ஓம், ஆடுது!"

"சைற்றும் இல்லை, இன்ரநெற்றும் இல்லை. வெறும் படம். பேந்து ஏன் ஆடுது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு யூ.எஸ்.பி. எடுத்துச் செருகி, லப்டொப்பை அதிலிருந்த உபுண்டு என்ற வேறொரு இயங்குதளத்தில் எழுப்பினார். விண்டோஸ் தூங்குகிறது, அதில் வைரஸ் இருந்தால் அதுவும் சேர்ந்து தூங்குகிறது. அங்கேயும் அந்தப் படத்தைத் திறந்தார். அங்கேயும் நடுக்கம். ஃபோர்மட் அடித்திருந்தால் 4,500 ரூபாவும் போய், நடுக்கமும் இருந்திருக்கும் என்பது அந்த நிமிடம் விளங்கியது.

மிச்சம் இருந்தது திரை. எச்.டி.எம்.ஐ. கேபிளில் கடையின் பழைய மொனிற்றர் ஒன்றைக் கொழுவி, படத்தை என் திரைக்கும் அதற்குமாக இழுத்து இழுத்துக் காட்டினார். என் திரையில் ஆடுகிறது, மொனிற்றரில் ஆடவில்லை. மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தும் பார்த்தார். கீலுக்குள்ளால் போகிற கேபிள் பழுதென்றால் அசைக்கும்போது நடுக்கம் கூடிக் குறையுமாம். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். நடுக்கம் டக்கென்று நின்றது! பழைய அளவுக்கு வந்தவுடன் திரும்பத் தொடங்கியது.

அவர் சொன்ன விளக்கம் இது. எல்.சி.டி. திரையின் திரவப் படிகத்துக்கு எந்நேரமும் ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் அது கெட்டுப்போகும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தரம் நேர், அடுத்த தரம் எதிர் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். நேருக்கும் எதிருக்கும் மயிரிழை அளவு வெளிச்ச வித்தியாசம் இருக்கக்கூடும். அது கண்ணில் படாமலிருக்க, ஒரு புள்ளி நேரில் இருக்கும்போது பக்கத்துப் புள்ளியை எதிரில் வைப்பார்கள், ஒன்று மற்றதைச் சமன் செய்துவிடும். சாதாரணமான பக்கத்தில் இது பிழைக்காது. ஆனால் சதுரங்கப் பலகை போல ஒன்றுவிட்டு ஒரு புள்ளி எரிகிற கோலம் வந்தால், எரிகிற புள்ளிகள் எல்லாம் ஒன்றாக நேரிலோ எதிரிலோ அகப்பட்டுவிடும். சமன் செய்ய வேண்டிய பக்கத்துப் புள்ளிகள் அணைந்திருக்கும். செக்கனுக்கு 60 தரம் புதுப்பிக்கிற திரையில் நேரும் எதிரும் சேர்ந்து ஒரு சுற்று வர 30-இல் ஒரு செக்கன் எடுக்கும். அந்த வேகத்தைக் கண் பிடித்துவிடும், சாம்பல் நிறத்தில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். பெரிதாக்கினால் கோலத்தின் ஒரு புள்ளி திரையின் நான்கு புள்ளிகளில் விழும், அதற்குள்ளேயே நேரும் எதிரும் வந்துவிடும், நடுக்கம் நிற்கும்.

நம்பாமல் நின்ற என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. லாகொம் என்ற தளத்தைத் திறந்தார். மொனிற்றர்களைச் சோதிப்பதற்கென்றே உள்ள பழைய இலவசத் தளம் அது. அதில் இதே குறையைக் காட்டுவதற்குச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பல கோலங்கள் வைத்திருக்கிறார்கள். மற்றவை எல்லாம் அமைதியாக நிற்க, ஒரு சதுரம் மட்டும் என் திரையில் படபடவென்று ஆடியது. எனக்குத் தெரிந்த அதே நடுக்கம். வடிவமைப்பு வேலை செய்கிறவர்கள் திரை வாங்க முன்னம் கடையிலேயே அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

"அப்ப சைற் என்ர திரையைப் பழுதாக்கேல்லையோ?" என்று கேட்டேன். "பக்கம் எந்தப் புள்ளிக்கு என்ன நிறம் எண்டுதான் சொல்லும் அக்கா. அதுக்கு மேல திரையில கைவைக்க அதாலை ஏலாது." திரையில் அந்தச் சின்னக் குறை வாங்கின நாளிலிருந்தே இருந்திருக்கலாம், இந்தக் கோலம் வரும்வரை வெளியே தெரியவில்லை. மாற்றத் தேவையில்லை, இதனால் திரை செத்துப்போகாது என்றும் சொன்னார். குறோமில் ஸ்டைலஸ் என்ற நீட்சியைப் போட்டு, அந்தத் தளத்துக்கு மட்டும் பின்னணிக் கோலத்தை எடுத்துவிடும்படி ஒரு வரி எழுதித் தந்தார். இப்போது வெறும் சாம்பல்தான் தெரிகிறது. நடுக்கம் இல்லை.

வெளிச்சம் ஏறி இறங்கியது வேறு கதை. இரண்டும் ஒரே தளத்தில் நடந்ததால் ஒரே வியாதி என்று எல்லோரும் நினைத்திருந்தோம். இன்ரெல் கிராஃபிக்ஸ் உள்ள லப்டொப்களில், பற்றரியில் ஓடும்போது திரையில் இருக்கிற படத்தைப் பார்த்துப் பின்னொளியைக் கூட்டிக் குறைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கிற ஒரு வசதி இருக்கிறது. கரண்ட் போனால்தானே நான் பற்றரியில் ஓடுவேன்? கறுத்த பின்னணியுள்ள தளம் திரையில் நின்றால் அது வேலையைக் காட்டத் தொடங்கும். இன்ரெல் கிராஃபிக்ஸ் கட்டுப்பாட்டுச் செயலியில் பற்றரிக்குரிய இடத்தில் அதை நிறுத்தினார். விண்டோஸ் 11-இலும் டிஸ்பிளே அமைப்பில், வெளிச்சத்துக்குக் கீழே இதே மாதிரி ஒன்று இருக்கலாம் என்று காட்டினார். பற்றரி கொஞ்சம் கெதியாக இறங்கும், அது எனக்குப் பரவாயில்லை. படம், வீடியோ, துணி நிறம் என்று நிறத்தோடு வேலை செய்கிற எல்லோரும் இதை நிறுத்தி வைப்பதுதான் புத்தி.

கட்டணம் 1,500 ரூபா. எவ்வளவு என்று கேட்டபோது கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். சாமான் மாற்றாத வேலைக்கு விலை சொல்ல இங்கே பலருக்குக் கூச்சம், அதனால்தான் தேவையில்லாமல் சாமான் மாறுகிறது என்பது என் எண்ணம். இந்தத் தொகையை நான் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

இனிக் குறைகள். போன் எடுக்கவே மாட்டார். வைபரில் செய்தி போட்டால் அடுத்த நாள்தான் பதில், அதுவும் கட்டைவிரல் படம். பற்றுச்சீட்டுத் தருவதில்லை, லப்டொப்பில் பெயரை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுவதோடு சரி. கந்தோருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு அது சரிவராது. படிக்கட்டு செங்குத்து, கைபிடி ஒரு பக்கம்தான், வயதான ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். உட்காரக் கதிரை ஒன்றுதான், அதிலும் பெரும்பாலும் ஏதாவது சி.பி.யூ. பெட்டி இருக்கும். பின்னேரம் போனால் பள்ளிக்கூடப் பெடியள் கேம் ஓடவில்லை என்று வந்து நிறைந்திருப்பார்கள். காலமைதான் ஆறுதலாகப் பார்ப்பார். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடை எப்போது திறக்கும் எப்போது பூட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உதிரிப்பாகம் தேவைப்படுகிற வேலை என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். அவரிடம் இருப்பு இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறார். காரணம் தெரியாத கோளாறு, வேறு கடைகள் வைரஸ் என்றும் டிஸ்பிளே என்றும் குழப்பின கோளாறு என்றால் நேரே இங்கே போங்கள். சார்ஜரையும் கொண்டுபோங்கள். என்ன செய்யும்போது பிரச்சினை வருகிறது என்று அங்கேயே செய்து காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வெறுமனே வைத்துவிட்டு வந்தால் ஒரு மூலையில் கிடக்கும்.

மகளின் லப்டொப்பை விசைப்பலகை மாற்ற அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் வரவில்லை. கொழும்புப் பார்சல் வருகிறது வருகிறது என்கிறார்.