சிம்னியா, எக்ஸாஸ்ட் ஃபேனா? சமையல் புகை எதில் ஒழுங்காக வெளியே போகும்?

அடுப்பில் மிளகாய் வறுத்தால் ஹாலில் இருப்பவர் இருமுகிறார் என்றால், அந்தச் சமையலறையில் காற்றோட்டம் சரியில்லை. நெடியை விடக் கெடுதலானவை கண்ணில் படாதவை. கேஸ் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது, காய்ந்த எண்ணெயிலிருந்து நுண்துகள் கிளம்புகிறது. பிஎம் 2.5 என்ற அந்த நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். ஜன்னல் மூடிய சின்ன அறையில் வடை சுட்டு முடிப்பதற்குள் அளவு அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

கடையில் முதலில் சொல்வது உறிஞ்சும் திறனைத்தான்: மணிக்கு 1,200 கன மீட்டர், 1,400 கன மீட்டர் என்று. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். புகை வீட்டை விட்டே வெளியேறுகிறதா, போகும் காற்றுக்கு ஈடான காற்று எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேன்

வெளிச்சுவர் இருக்கும் சமையலறைக்கு இதுவே மலிவு, பழுதும் குறைவு. 8 அடிக்கு 10 அடி, 9 அடி உயரம் என்றால் அறையின் கொள்ளளவு 720 கன அடி. காற்று மணிக்கு 15 முறை மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 180 கன அடி வெளியேற வேண்டும், அதாவது மணிக்குச் சுமார் 306 கன மீட்டர். 6 அங்குல ஃபேன் இதற்குத் திணறும். 9 அங்குலம் வாங்குங்கள், பெட்டியில் போட்டிருக்கும் அளவையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் கோளாறு ஃபேனில் இருக்காது, அதை மாட்டிய இடத்தில் இருக்கும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால், அதில் நுழையும் காற்று அப்படியே ஃபேன் வழியாகத் திரும்பிவிடும், அடுப்புப் புகை அசையாது. பக்கத்து ஜன்னலை மூடி, எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ திறந்து வையுங்கள். சரியாக இழுக்கிறதா என்று பார்க்க ஓர் ஊதுவத்தி போதும். அடுப்பு மேடையில் பிடித்தால் புகை ஃபேனை நோக்கிச் சாய வேண்டும். நேரே மேலே போய்க் கூரையில் பரவினால் இடம் தப்பு. இன்னொரு தொல்லை, வெளிப்பக்கத் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொள்வது. ஃபேன் சத்தமாகச் சுற்றும், காற்று வெளியே போகாது.

இந்த ஃபேனுக்குக் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் அழுத்தம் கிடையாது. 6 அடிக் குழாயில் மாட்டி, கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்டிருக்கும் ஷாஃப்ட்டுக்கு விடுவது வீண் செலவு.

டக்ட் உள்ள சிம்னி

டக்ட் என்பது புகையை வெளியே கொண்டுபோகும் குழாய். அதில் காற்றைத் தள்ளும் புளோயர் இதில் இருக்கிறது. புகை அறையில் கலக்கும் முன்பே அடுப்புக்கு மேலேயே பிடித்துவிடும். தினமும் பொரிப்பவர்களுக்கு இதுதான் என் தேர்வு, டக்ட் ஒழுங்காக இருந்தால்.

பெட்டியில் போட்டிருக்கும் திறன் டக்ட் இல்லாமல் அளந்தது. ஒவ்வொரு வளைவும் அதில் கொஞ்சம் தின்னும். 6 அங்குல வாயில் 4 அங்குலக் குழாயைச் செருகினால் காற்றுப் பாதை பாதிக்கும் கீழே குறையும், சத்தம் கூடும். சுருக்கு அலுமினியக் குழாயை முழுக்க இழுத்து நீட்டி, மிஞ்சியதை வெட்டிவிடச் சொல்லுங்கள். மடிப்போடு தொங்கவிட்டால் அந்த மடிப்புகளில்தான் எண்ணெய் தேங்கும். அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரம், அடுப்புக்குக் குறையாத அகலம். அடுப்பு பற்றவைக்கும் முன்பே போட்டு, இறக்கிய பிறகும் 10 நிமிடம் ஓடவிடுங்கள். சமைக்கும்போது சீலிங் ஃபேன் வேண்டாம், புகையைக் கலைத்துவிடும்.

வளைந்த தகடுகளால் எண்ணெயைப் பிடிக்கும் ஸ்டீல் பாஃபிள் ஃபில்டரை வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் சேர்த்து 20 நிமிடம் ஊறவைத்தால் பிசுக்கு விடும். அலுமினிய வலையைச் சலவைச் சோடாவில் போடாதீர்கள், கருத்து அரித்துப்போகும். ஆட்டோ கிளீன் என்பது உள்ளே படிந்த எண்ணெயைச் சூடாக்கி வடிப்பதுதான். கீழே உள்ள கப்பை யாராவது கொட்டியே ஆக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: சமையலறையை ஒட்டிய பாத்ரூமிலோ யுட்டிலிட்டியிலோ கேஸ் கீசர் இருந்தால், எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு சிம்னியை ஓட்டாதீர்கள். இழுவையில் கீசரின் புகையும் வீட்டுக்குள் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

டக்ட் இல்லாத சிம்னி

வாடகை வீட்டுக்கு வசதி என்று தள்ளிவிடுவார்கள். கரி ஃபில்டர் வாசனையைக் குறைக்கும், வலை எண்ணெயைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடும் ஈரப்பதமும் அறைக்கே திரும்பும். அந்தப் பணத்தில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி, ஜன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே மாட்டலாம்.

இண்டக்‌ஷனுக்கு மாறினால்?

சுடர் இல்லாததால் எரிவாயுப் புகை இருக்காது. தாளிப்புப் புகை அப்படியேதான் இருக்கும், ஃபேனும் வேண்டியிருக்கும்.

எதை மாட்டினாலும், கேஸ் கசியும் வாசனை வந்தால் அதன் சுவிட்சைத் தொடாதீர்கள், பொறி போதும் பற்றிக்கொள்ள. எல்பிஜி காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும், மேலே சுற்றும் ஃபேன் அதை எடுக்காது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.