ஈஸ்ட்லீயில் ஒரு சோமாலி டீக்கடை: ஷாஹ் பிரமாதம், அந்தத் தடுப்பை மட்டும் எடுங்கள்

நைரோபியில் இருக்கும் தமிழர்களுக்கு ஈஸ்ட்லீ என்றால் துணி வாங்கும் இடம். திரைச்சீலை, பெட்ஷீட், தங்கம் என்று வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். நான் அங்கே சில மொத்த வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அந்த வேலையால்தான் இந்த டீக்கடை எனக்குப் பழக்கமானது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது, அதோடு அங்கே வருகிறவர்கள் மனதில் பட்டதை அப்படியே பேசுகிறவர்கள். ஆறாம் நம்பர் அல்லது ஒன்பதாம் நம்பர் மட்டாட்டுவில் ஏறி செகண்ட் அவென்யூவில் இறங்குங்கள். திரைச்சீலைக் கடைகளுக்கு மேல் மாடிகளில் இந்த மாதிரி கடைகள் நிறைய உண்டு. எதற்குள் நுழைந்தாலும் நான் சொல்வதில் பாதியாவது கிடைக்கும்.

முதலில் டீ. ஷாஹ் என்பார்கள். ஏலக்காய், பட்டை, கிராம்பு, இஞ்சி எல்லாம் தட்டிப் போட்டு, பாலோடு கொதிக்கவிட்டு, பெரிய பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுவார்கள். சர்க்கரையும் கொதிக்கும்போதே சேர்ந்துவிடும். குறைவாக வேண்டும் என்றால் தனியாகப் போட்டுத்தரச் சொல்ல வேண்டும், அதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கலாம், தப்பில்லை. நான் குடித்த மசாலா டீக்களில் ஏலக்காயும் கிராம்பும் ஒன்றையொன்று அடிக்காமல் இருந்தது இங்கேதான். தொட்டுக்கொள்ள கைமா சம்பூசா, பச்சை மிளகாயும் எலுமிச்சையும் கொத்தமல்லியும் அரைத்த பஸ்பாஸ். அந்தப் பஸ்பாஸை நம் நாக்குக்குத் தாராளமாகவே சிபாரிசு செய்வேன்.

மதியம் போனால் பரிஸ் சாப்பிடுங்கள். முதலில் ஒரு கிண்ணம் ஆட்டு சூப், அப்புறம் பட்டையும் சீரகமும் மணக்கும் அரிசிச் சோறு, மேலே வதக்கிய வெங்காயமும் உலர்திராட்சையும், பக்கத்தில் எலும்போடு வெந்த ஆட்டுக்கறி, கூடவே ஒரு முழு வாழைப்பழம். பழத்தைக் கடைசியில் சாப்பிட எடுத்து வைக்காதீர்கள். கிள்ளிக் கிள்ளிச் சோற்றோடு சேர்த்து, பஸ்பாஸ் தொட்டுச் சாப்பிட வேண்டும். கறி எலும்பிலிருந்து கையாலேயே கழன்று வரும். ஒட்டகப் பாலும் உண்டு. அதன் புகை வாசனை எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். காசு போனிலேயே எம்-பேசாவில் கொடுத்துவிடலாம்.

சாப்பாட்டுக்காக மட்டும் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்தக் கடையில் சாயங்காலமானால் நடக்கும் வாதத்துக்காகத்தான் எழுதுகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே போர் நடத்தும் இந்த வழக்கத்தை சோமாலியில் ஃபதி கு திரிர் என்பார்கள். டிவி ஓடும், பிபிசி சோமாலி ஒலிக்கும், அதற்கு மேல் மனிதர்களின் குரல் ஏறும். எனக்கு சோமாலி தெரியாது. நான் கணக்குப் பார்க்கும் ஒரு துணிக்கடையின் முதலாளி அம்மாதான் என்னோடு வருவார், சுவாஹிலியில் சொல்லிக்கொண்டே வருவார். என்னை அபாயோ என்பார், அக்கா தங்கை என்கிற உரிமையோடு. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2024 ஜனவரி 1 அன்று எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமதுவும், சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் அன்றைய அதிபர் மூசா பிஹி அப்தியும் அடிஸ் அபாபாவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கடற்கரை இல்லாத எத்தியோப்பியாவுக்குச் சோமாலிலாந்துக் கரையில் இடம், பதிலுக்கு அங்கீகாரம் என்று பேச்சு. அந்த வாரம் கடையில் உட்கார இடமில்லை. நாடே விற்கப்பட்டுவிட்டது என்று கொதித்துக்கொண்டிருந்தார்கள். சோமாலியாவின் தெற்கே இருக்கும் துறைமுக ஊரான கிஸ்மாயோக்காரர் ஒருவர், லாரி உதிரிபாக வியாபாரி, சுவரிலிருந்த நீலக் கொடியைக் காட்டி, அந்த நட்சத்திரத்தில் எத்தனை முனை இருக்கிறது என்று மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்.

சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில் பள்ளி ஆசிரியராக இருந்த பெரியவர் ஒருவர் அங்கே தினமும் வருவார். எல்லாரும் அதேர் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். ஐந்து முனை, சோமாலிகள் வாழும் ஐந்து பகுதிகளுக்கு. 1960 ஜூன் 26-ல் விடுதலையான பிரிட்டிஷ் சோமாலிலாந்து, ஜூலை 1-ல் விடுதலையான இத்தாலியப் பகுதி, இரண்டும் அன்றே இணைந்தன. பிரெஞ்சுப் பகுதி 1977-ல் ஜிபூட்டி என்று தனி நாடானது. ஒகாடன் எத்தியோப்பியாவிடம், வடக்கு எல்லை மாவட்டம் கென்யாவிடம். "நாங்கள் கேட்டு வந்து சேர்ந்தவர்கள். 1988-ல் சோமாலிய ராணுவமே எங்கள் ஊரின் விமான நிலையத்திலிருந்து விமானம் ஏறி எங்கள் ஊர் மேலேயே குண்டு போட்டது. அப்போது இந்தக் கொடியை யார் பிடித்திருந்தார்கள்?" என்று கேட்டார்.

கிஸ்மாயோக்காரர் விடவில்லை. சர்வாதிகாரி சியாத் பாரேவோடு போரிட்ட உங்கள் எஸ்.என்.எம். இயக்கம் எண்பதுகளில் எத்தியோப்பியாவில்தானே முகாம் போட்டிருந்தது, அப்போது அது வெளிநாடு இல்லையா என்றார். நியாயமான கேள்வி. பெரியவரும் மறுக்கவில்லை. ஆமாம், போக வேறு இடமில்லை என்றார். பிறகு திருப்பிக் கேட்டார்: சரி, 2006 டிசம்பரில் எத்தியோப்பியப் படை மொகதிஷுவுக்குள் வந்தபோது அதன் பின்னாலேயே வந்த அதிபர் யார்?

அப்துல்லாஹி யூசுஃப். அவர் கதையை அன்று முழுதாகக் கேட்டேன். எத்தியோப்பியாவுக்கு எதிராக 1977 போரில் இருந்த ராணுவ அதிகாரி. 1978-ல் சியாத் பாரேவுக்கு எதிரான சதி தோற்றதும் அதே எத்தியோப்பியாவில் தஞ்சம், அங்கிருந்து இயக்கம், அப்புறம் அங்கேயே சிறை. 2004-ல் நைரோபியில் கூடிய இடைக்கால நாடாளுமன்றம் அவரை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. இரண்டு வருடம் கழித்து எத்தியோப்பிய டாங்கிகளின் துணையோடு தலைநகருக்குள் போனார். அந்தப் படை போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் ஐ.நா. பாதுகாப்பு அவை 1725-ஆம் தீர்மானத்தில், சோமாலியாவின் எல்லையை ஒட்டிய நாடுகள் அங்கே படை அனுப்பக்கூடாது என்பதை ஏற்றிருந்தது. எல்லையை ஒட்டிய கென்யாவும் எத்தியோப்பியாவும் பின்னாளில் ஆப்பிரிக்க ஒன்றியப் படையிலேயே சேர்ந்துகொண்டன.

எதிர்ப்பக்கம் மட்டும் சுத்தமா என்று கேட்டது கரிஸாவில் பிறந்த ஒரு கென்யச் சோமாலி இளைஞர். எத்தியோப்பியா வெளியேற வேண்டும் என்றவர்கள் 2007-ல் எங்கே கூட்டணி கட்டினார்கள்? எரித்ரியாவின் தலைநகர் அஸ்மாராவில். எரித்ரியா யாருடைய மாமியார் வீடு என்று கேட்டார். அந்தக் கூட்டணியின் தலைவர் ஷேக் ஷரீஃப் ஷேக் அகமது, எத்தியோப்பியப் படை வெளியேறிய 2009 ஜனவரியிலேயே ஜிபூட்டியில் அதிபரானார். உகாண்டா, புருண்டி படைகளின் பாதுகாப்பில் ஆட்சி நடத்தினார். அந்த ஜூனில் அவருடைய அரசின் சபாநாயகர், எத்தியோப்பியா உட்பட அண்டை நாடுகளே படை அனுப்புங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டார். கிஸ்மாயோக்காரரைப் பார்த்து அந்த இளைஞர் சொன்னது இன்னும் காரம்: உங்கள் ஊர் அகமது மதோபே 2006-ல், எத்தியோப்பியப் படை விரட்ட வந்த இஸ்லாமிய நீதிமன்றங்கள் என்ற அமைப்பின் கிஸ்மாயோ ஆளுநர். எத்தியோப்பியப் படையிடம் காயத்தோடு பிடிபட்டவர். அவரே 2012-ல் கென்யப் படையோடு கிஸ்மாயோவுக்குள் வந்தார், இன்று கிஸ்மாயோ அடங்கிய ஜுபாலாந்து மாநிலத்தின் தலைவர். கிஸ்மாயோக்காரர் சிறிது நேரம் பேசவில்லை. அப்புறம், அல்-ஷபாப் தீவிரவாதிகளிடமிருந்து எங்களை வேறு யார் மீட்டார்கள் என்றார். அதுவும் பொய்யில்லை.

வெளிநாட்டுப் படைக்கு என்ன பெயர் வைப்பது என்ற சண்டை நமக்குப் புதிதில்லை. 1987-ல் ஈழத்துக்குப் போனது அமைதிப்படையா ஆக்கிரமிப்புப் படையா என்று நம் வீடுகளிலேயே இன்னும் பேச்சு நின்றுபோகும். அதனால்தானோ என்னவோ, இந்த மேசை எனக்கு மிகவும் மதிப்பானதாகப் படுகிறது. தன் பக்கத்துக்கு வந்த படை உதவி, அடுத்தவன் பக்கத்துக்கு வந்தது படையெடுப்பு என்று பேசுவதுதான் எங்கும் நடக்கிறது. இங்கே அப்படிப் பேசினால் ஒரு டம்ளர் ஷாஹ் ஆறுவதற்குள் எதிரில் உள்ளவர் வருடத்தோடு எடுத்து வைத்துவிடுவார். தலைவர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு மேசையில் உட்கார வைக்கப்படவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது.

அடுத்த சுற்றும் வந்தது. அந்த ஒப்பந்தத்துக்கு எதிராக ஒற்றுமை, இறையாண்மை என்று பேசிய மொகதிஷு அரசு, 2024 பிப்ரவரியில் துருக்கியோடு பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டது. ஆகஸ்டில் எகிப்திலிருந்து ஆயுதம் வந்து இறங்கியது. டிசம்பரில் அங்காராவில் எத்தியோப்பியாவோடு கைகுலுக்கல். பெரியவர் அன்று சிரிக்கவே இல்லை. மனம் நொந்துதான் பேசினார்.

இனி குறைகள். சர்வர் பையன் வாதத்தில் இறங்கிவிட்டால் பில் வராது. மக்ரிப் தொழுகை நேரத்தில் போனால் கடை காலியாக இருக்கும், அது தெரிந்து போங்கள். இவை பெரிய குறைகள் இல்லை.

பெரிய குறை அந்தத் தடுப்பு. பெண்களுக்கும் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் பின்னால் பிளைவுட் அடைத்து, மேலே பூப்போட்ட திரை போட்ட ஓர் இடம். நான் மேலே எழுதிய எல்லாவற்றையும் அந்தத் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் கேட்டேன், இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். மின்விசிறி முன்பக்கம் மட்டும். டீயும் இங்கே கடைசியாகத்தான் வரும்.

என் தோழி மொகதிஷுவின் பழைய பகுதியான ஹமர் வெய்னைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாகத் துணி வியாபாரக் குடும்பம். சோமாலி அரசியலில் பதவிகளை 4.5 என்ற கணக்கில் பிரிக்கிறார்கள். 2000-ல் ஜிபூட்டியின் அர்தா மாநாட்டில் வந்த முறை. நான்கு பெரிய குலங்களுக்கு ஆளுக்கு ஒன்று, மீதி அத்தனை பேருக்கும் சேர்த்து அரை. இவர் அந்த அரையில் வருகிறவர். 2007-ல் எத்தியோப்பிய பீரங்கியும் எதிர்த்தரப்பு மோர்ட்டாரும் மாறி மாறி விழுந்தபோது, தாயோடு அஃப்கோயே சாலையில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்திருக்கிறார். அந்த வருடம் லட்சக்கணக்கானோர் மொகதிஷுவை விட்டு ஓடினார்கள். அவர்களுடைய இடைக்கால அரசை உருவாக்க இடம் கொடுத்த கென்யா, அந்த ஜனவரியில் எல்லையை மூடிவிட்டது. மூடிய எல்லையைத் தாண்டித்தான் இவர் வந்து சேர்ந்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாருடைய வெளிநாட்டான் நல்லவன் என்று சூடாக ஓடிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாக என்னிடம் சொன்னார்: "குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டா அபாயோ நாங்கள் ஓடினோம்? ஒவ்வொருத்தரும் தங்களுக்கு ஒரு அந்நியனைத் தேடிக்கொண்டார்கள். எங்களுக்கு யாரும் வரவில்லை. கொடியில் ஐந்து முனை எண்ணுகிறார்கள். 4.5-ல் அந்த அரை யார் என்று இந்தக் கடையில் ஒருத்தர் கேட்டு நான் கேட்டதில்லை."

அந்த மேசைக்குத் தேவையான கேள்வி அது. பெரியவரிடம் அதைக் கேட்டிருந்தால் அவர் மழுப்பியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். ஆனால் பிளைவுட்டைத் தாண்டி அது போகவில்லை.

முதலாளியிடம் சொன்னேன். பெண்களே தனி இடம்தான் கேட்கிறார்கள் என்றார். கேட்பவர்கள் உண்டு, அவர்களுக்கு அது இருக்கட்டும். டிவிக்குப் பக்கத்தில், கல்லாவை ஒட்டி, ஒரு மேசை காலியாகவே கிடக்கிறது. மூட்டை வைக்கத்தான் பயன்படுகிறது. அதை எங்களைப் போன்றவர்களுக்குப் போடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகிற பெண்கள் நேராக அந்த மேசையையே கேளுங்கள். இரண்டு மூன்று பேர் கேட்டால் மூட்டையை எடுத்துவிடுவார்.